டிசம்பர் 25 எங்கிருந்து வந்தது? ஒளிவிழாப் பேச்சுக்கு உறுதியான தகவல் வேணும்

கல்முனை_மேடை:

எல்லோருக்கும் வணக்கம். பாடசாலை ஒளிவிழாவில் "நத்தார் எப்படித் தோன்றியது" என்று 20 நிமிடம் பேசவும், மண்டப வாசலில் ஒரு 8×4 அடிப் பலகையில் காட்சி வைக்கவும் வேணும். சபையில் கத்தோலிக்கரும் மெதடிஸ்தப் பிள்ளைகளும் மட்டுமில்லை, சைவ ஆசிரியர்களும் முஸ்லிம் ஆசிரியர்களும் இருப்பார்கள். மழுப்பினால் கேள்வி கேட்பார்கள்.

வட்ஸ்அப்பில் இரண்டு செய்தி சுற்றுது. ஒன்று: டிசம்பர் 25 உரோமரின் சூரியக் கடவுளின் பிறந்தநாள், உரோமர் வணங்கிய மித்திரன் என்ற தெய்வம் பிறந்ததும் அன்றுதான், கொன்ஸ்தந்தீன் பேரரசன் அதை நத்தாராக மாற்றினான். மற்றது: திருமுழுக்கு யோவானின் தந்தை சக்கரியா ஆலயத்தில் பணிசெய்த முறையை வைத்துக் கணக்குப் பார்த்தால் டிசம்பர் 25 சரியாக வருகிறது. இரண்டில் எதை மேடையில் சொல்லலாம்? சில நாடுகளில் ஏன் ஜனவரியில் கொண்டாடுகிறார்கள் என்பதும் வேணும்.

ஓலைக்கட்டு:

தம்பி, மூலத்தில் என்ன இருக்கு என்பதை முதலில் பிடிச்சுக்கொள்ளுங்க. நாலு நற்செய்தியில் பிறப்பைச் சொல்வது மத்தேயுவும் லூக்காவும்தான். இரண்டிலும் நாளும் இல்லை, மாதமும் இல்லை. ஆண்டுகூடச் சிக்கல். மத்தேயுவில் ஏரோது உயிரோடு இருக்கிறான். அவன் இறந்தது பெரும்பாலான வரலாற்றாசிரியர் கணக்கில் கி.மு. 4. லூக்கா சொல்கிற குரேனியுவின் குடிசன மதிப்பீடு நடந்தது கி.பி. 6இல். அதற்குள் இறங்கினால் உங்கட 20 நிமிடமும் அங்கேயே முடிஞ்சிடும், தொடாதீங்க.

"மேய்ப்பர் இரவில் வயல்வெளியில் இருந்தார்கள், ஆகவே அது குளிர்காலம் இல்லை" என்ற வாதத்தையும் (லூக்கா 2:8) நம்பி இறங்க வேண்டாம். பெத்லகேம் பக்கம் மழை பெய்வதே குளிர்காலத்தில்தான், புல் முளைப்பதும் அப்போதுதான். அந்த வசனத்தால் டிசம்பரை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

முதல் இருநூறு ஆண்டில் பிறப்பு விழா பற்றிப் பேச்சே இல்லை. கி.பி. 200ஐ ஒட்டி அலெக்சாந்திரியா கிளெமெந்து என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், பிறந்த நாளைக் கணிக்க முயல்கிறவர்களைப் பற்றி எழுதுகிறார். அவர் தரும் எகிப்திய நாட்களை நம் மாதத்துக்கு மாற்றினால் ஒன்று மே 20. வேறு சிலர் சொல்வதாக ஏப்ரல் 19 அல்லது 20. டிசம்பர் 25 அந்தப் பட்டியலிலேயே இல்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன் என்ற வேத அறிஞர் இன்னும் கடுமை: வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடினவர்கள் பார்வோனும் ஏரோதும்தான், நல்லவர் ஒருவரும் இல்லை என்கிறார். 243இல் எழுதப்பட்ட ஒரு பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) நாள் கணிப்பு நூல் பிறப்பை மார்ச் 28இல் வைக்கிறது. காரணம், படைப்பின் நாலாம் நாளில் சூரியன் உண்டானது, அந்த நாள் மார்ச் 28 என்று அதன் ஆசிரியருக்குக் கணக்கு.

மறுகா வருகிறது உங்கட பேச்சின் நடு ஆவணம்: 354ஆம் ஆண்டுத் தொகுப்பு. உரோமையில் வலந்தீனு என்ற வசதியான கிறிஸ்தவருக்காக ஃபிலோகாலு என்ற எழுத்துக் கலைஞர் செய்த பஞ்சாங்கமும் பட்டியல்களும் சேர்ந்த ஏடு. மூல ஏடு இப்போது இல்லை. பிற்காலப் படிகள்தான் மிச்சம். இதில் மூன்று இடத்தில் டிசம்பர் 25 வருகிறது. மூன்றையும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது.

முதலாவது, குடிமை நாட்காட்டி. அன்றைய நாளில் "வெல்லப்படாதவரின் பிறப்பு, 30 தேரோட்டம்" என்ற பொருளில் ஒரு சுருக்கக் குறிப்பு. சூரியன் என்ற சொல் அங்கே இல்லை, ஆனால் அது சூரியனைத்தான் குறிக்கிறது என்றுதான் பெரும்பாலோர் கொள்கிறார்கள்.

இரண்டாவது, உரோமை ஆட்சித்தலைவர் பட்டியல். இக்காலத்தில் நாம் கி.பி. 1 என்கிற ஆண்டுக்கு எதிரே, கிறிஸ்து டிசம்பர் 25இல் பிறந்தார் என்று ஒரு வரி.

மூன்றாவதுதான் கனமானது: மறைசாட்சியர் நினைவுநாள் பட்டியல். அதன் தலைவரியே "ஜனவரி கலெண்டுக்கு முன் எட்டாம் நாள், யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார்". இங்கே ஒரு கணக்குப் பிழை அடிக்கடி நடக்கும். கலெண்டு என்றால் மாதத்தின் முதல் நாள். உரோமர் இரு முனையையும் சேர்த்து எண்ணுவார்கள். ஜனவரி 1ஐ ஒன்று என்று வைத்து, டிசம்பர் 31 இரண்டு, 30 மூன்று என்று பின்னோக்கிப் போனால் எட்டாவது 25. நம்மைப் போல ஒன்றிலிருந்து எட்டைக் கழித்தால் 24 வந்துவிடும். பலகையில் இந்த எண்ணிக்கையை அப்படியே போட்டுக் காட்டுங்க, பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

ஏடு 354 என்றால் 336 என்ற ஆண்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். அதே தொகுப்பில் உரோமை ஆயர்களின் நினைவுநாள் பட்டியல் இருக்கு. அது ஆண்டு வரிசையில் இல்லை, நாட்காட்டி வரிசையில், டிசம்பர் கடைசியில் தொடங்கிப் போகிறது. 335 டிசம்பர் 31இல் இறந்த சில்வெஸ்தர் வரிசைக்குள் சரியாக நிற்கிறார். 336 ஒக்டோபர் 7இல் இறந்த மாற்குவும் 352இல் இறந்த யூலியுவும் வரிசை குலைந்து கடைசியில் ஒட்டப்பட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் மூலப் பட்டியல் இந்த இரண்டு திகதிக்கும் இடையில் கட்டப்பட்டது. மறைசாட்சியர் பட்டியலும் அதன் கூடப்பிறப்புத்தான் என்பது பொதுக் கருத்து. ஆகவே நீங்கள் சொல்லக்கூடிய வாக்கியம்: "டிசம்பர் 25ஐக் கிறிஸ்து பிறப்பு நாளாக உரோமைத் திருச்சபை குறித்து வைத்ததற்கு நமக்குக் கிடைக்கும் உறுதியான பழைய சான்று 336." "336இல் முதல் நத்தார் கொண்டாடப்பட்டது" என்று சொல்லாதீங்க. பட்டியலில் ஒரு நாள் ஏறுவதற்கு எவ்வளவு காலம் முன்பே அது வழக்கில் இருந்தது என்று அந்த ஏடு சொல்லவில்லை.

விளக்குத்தூண்:

ஓலைக்கட்டு அண்ணன் சொன்னதோடு, முதலாவது வட்ஸ்அப் செய்தியில் எதை வெட்டலாம் எதை வைக்கலாம் என்று சுருக்கமாக.

மித்திரன்: வெட்டுங்க. மித்திரன் டிசம்பர் 25இல் பிறந்தான் என்பதற்கு உரோமைக் காலச் சான்று ஒன்றும் இல்லை. சிற்பங்களில் அவன் பாறையிலிருந்து வெளிப்படுகிறான், நாள் குறிப்பு கிடையாது.

சற்றுர்னாலியா (நத்தாரின் மூலம் என்று சிலர் சொல்லும் உரோமர் விழா): அது டிசம்பர் 17இல் தொடங்கி, நீண்ட காலத்திலும் 23 அளவில் முடிந்துவிடும். 25ஐத் தொடவில்லை. பரிசு கொடுப்பது, விருந்து வைப்பது போன்ற பழக்கங்கள் அங்கேயும் ஜனவரி முதலாம் திகதிக் கொண்டாட்டத்திலும் இருந்தன என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

கொன்ஸ்தந்தீன் கட்டளை: அப்படி ஒரு ஆணை கிடைக்கவில்லை. அவன் 321இல் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாக்கின சட்டத்தோடு இதை யாரோ குழப்பியிருக்க வேணும். பாப்பரசர் முதலாம் யூலியு அறிவித்தார் என்று வருவதும் போலிக் கடிதத்தை நம்பி வந்தது.

வைக்க வேண்டியது அவுரேலியன் பேரரசன். 274இல் அவன் உரோமையில் வெல்லப்படாத சூரியனுக்குக் கோயில் கட்டினது உண்மை. ஆனால் கோயில் திறந்த நாள் டிசம்பர் 25 என்பது ஊகம். அந்த நாளுக்கு இருக்கிற ஒரே நேரடிச் சான்று மேலே சொன்ன 354ஆம் ஆண்டு ஏட்டின் முப்பது தேரோட்டந்தான். அதே நாட்காட்டியில் ஒக்டோபர் 19 முதல் 22 வரை சூரியனுக்கு இதைவிடப் பெரிய விளையாட்டு விழா வருகிறது என்பதை யாரும் வட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. சூரிய விழாவைப் பிடித்து அதன்மேல் நத்தாரை வைக்க நினைத்தவர்கள் பெரியதை விட்டுவிட்டு ஏன் சிறியதைப் பிடித்தார்கள்?

கல்முனை_மேடை:

இரண்டு பேருக்கும் மெத்த நன்றி. அப்படியென்றால் 25 என்ற எண் எங்கிருந்துதான் வந்தது? சூரியன் இல்லையென்றால் வேறு விளக்கம் இருக்கா? சக்கரியாக் கணக்கு அதுதானா?

மறைக்கல்வி_அக்கா:

மகன், வேறு விளக்கம் இருக்கு. அது சக்கரியாக் கணக்கு இல்லை. முதலில் சக்கரியாவை முடிச்சிடுவோம்.

லூக்கா 1:5இல் சக்கரியா அபியா பிரிவைச் சேர்ந்தவர். 1 குறிப்பேடு 24இல் குருக்களுக்கு 24 பிரிவு, அபியா எட்டாவது. ஒரு பிரிவுக்கு ஒரு கிழமைப் பணி. 24 கிழமையில் ஒரு சுற்று, ஆகவே ஒரே பிரிவு ஆண்டுக்கு இரண்டு தரம் வரும். பெருவிழாக்களில் எல்லாப் பிரிவும் சேரும். சுற்று எந்த மாதத்தில் தொடங்கியது, இரண்டு தரத்தில் லூக்கா சொல்வது எது என்று தெரியாமல் கணக்குத் தொடங்கவே முடியாது. தொடக்கத்தைத் தள்ளிப் போட்டால் விரும்பின மாதத்தை எடுக்கலாம். இணையத்தில் இதே முறையால் செப்டெம்பரை நிறுவுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த வாதத்தின் பழைய வடிவம் யோவான் கிறிசோஸ்தோம் என்ற குருவுடையது. 386இல் அந்தியோக்கியாவில் டிசம்பர் 25 விழாவை நியாயப்படுத்திப் பேசும்போது, சக்கரியா தலைமைக் குருவாகப் பாவக்கழுவாய் நாளில் திருத்தூயகத்துக்குள் போனார் என்று வைத்துக்கொண்டார். அது செப்டெம்பர் கடைசி அளவில். அங்கிருந்து எலிசபெத்து கருவுறுதல், ஆறாம் மாதத்தில் மரியாவுக்கு மங்களவார்த்தை (கருவுறுவாய் என்ற வானதூதரின் அறிவிப்பு), அது மார்ச். இன்னும் ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர். உடையும் இடம் முதல் படி. லூக்கா சக்கரியாவைத் தலைமைக் குரு என்று சொல்லவில்லை. சீட்டு விழுந்து தூபம் காட்டப் போன சாதாரணக் குரு (1:9). அந்த உரையில் உங்களுக்கு உண்மையில் பயன்படுவது வேறொரு வரி: இந்த நாள் நமக்குத் தெரியவந்து பத்து ஆண்டுகூட ஆகவில்லை என்று அவரே சபைக்குச் சொல்கிறார். மேற்கிலிருந்து வந்த வழக்கம் என்பதையும் மறைக்கவில்லை.

இனி 25க்கான விளக்கம். இது இறப்பு நாளிலிருந்து பின்னுக்கு வருகிறது. பிரெஞ்சு அறிஞர் லூயி துஷேன் 1889இல் முன்வைத்தது. படிகள் இவை:

முதலில், இயேசு சிலுவையில் இறந்தது நீசான் 14 அல்லது 15. அது யூதரின் சந்திர மாதம், ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். மேற்கில் அதை உரோமைச் சூரிய நாட்காட்டியில் நிலையாக்கினார்கள்: மார்ச் 25. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெர்த்துல்லியன் என்ற வட ஆபிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் பெயரில் வரும் எழுத்தில் இந்த நாள் இருக்கு. யூலியசு சீசர் நாட்காட்டியில் மார்ச் 25 இரவும் பகலும் சமமாகும் நாள் என்றும் வழக்கு.

அடுத்தது, இறந்த அதே நாளில்தான் அவர் கருவானார் என்ற நம்பிக்கை. அப்படியானால் கருவான நாளும் மார்ச் 25. இன்றைக்கும் மங்களவார்த்தைத் திருவிழா அன்றுதான்.

அதிலிருந்து ஒன்பது மாதம், டிசம்பர் 25. நாட்கணக்கில் 275; இரு முனையையும் சேர்த்தால் 276. வட ஆபிரிக்க ஆயர் அகுஸ்தீனார் தம் திரித்துவ நூலின் நாலாம் புத்தகத்தில் இதை வெளிப்படையாகவே எழுதுகிறார். யோவான் 2:20இல் ஆலயம் கட்ட 46 ஆண்டு என்று வருகிறதல்லவா, அந்த 46ஐ ஆறால் பெருக்கினால் 276, அதுவே ஆண்டவரின் உடல் கருவில் உருவான நாள்தொகை என்கிறார்.

இந்த விளக்கத்தின் பலம் கிழக்கில்தான் தெரியும். சின்ன ஆசியாவில் நீசான் 14க்குப் பதில் தங்கள் வசந்த மாதத்தின் 14ஆம் நாளை வைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். அது உரோமைக் கணக்கில் ஏப்ரல் 6. அதிலிருந்து ஒன்பது மாதம் ஜனவரி 6. கிழக்குச் சபைகள் பழையபடி பிறப்பைக் கொண்டாடின நாள் அதுதான்! ஒரே கணக்கு, இரண்டு தொடக்க நாள், இரண்டு விழா. சூரியக் கோயிலால் ஜனவரி 6ஐ விளக்க முடியாது.

இன்னொரு சான்று வட ஆபிரிக்காவிலிருந்து. தொனாத்தியர் என்ற பிரிவினர் 311–312 அளவில் பிரிந்து போனவர்கள். அவர்கள் எங்களோடு ஜனவரி 6 விழாவைக் கொண்டாட மறுக்கிறார்கள் என்று அகுஸ்தீனார் குறைப்படுகிறார். டிசம்பர் 25 பற்றி அப்படிக் குறை இல்லை. பிரிவதற்கு முன்பே 25 அவர்களிடம் இருந்தது என்று இதிலிருந்து சிலர் முடிவு கட்டுகிறார்கள். அப்படியானால் கொன்ஸ்தந்தீன் காலத்து ஏற்பாடு என்ற பேச்சே விழுந்துவிடும்.

ஓலைக்கட்டு:

அக்கா விளக்கினது சுத்தம். ஆனால் தம்பி அதை முடிந்த முடிபு என்று மேடையில் வைத்தால் யாராவது தட்டுவார்கள். மூன்று ஓட்டை இருக்கு.

இறந்த நாளும் கருவான நாளும் ஒன்று என்ற நம்பிக்கைக்கு நாலாம் நூற்றாண்டுக்கு முன் யாரும் நேராக எழுதின சான்று இல்லை. யூத மரபில் ஒப்பாகக் காட்டப்படுவது, பெரியோர் பிறந்த நாளிலேயே இறப்பார்கள் என்பது. பிறந்த நாள், கருவான நாள் இல்லை. 221இல் எழுதின ஆபிரிக்கானு என்ற கிறிஸ்தவ வரலாற்றெழுத்தாளர் மார்ச் 25இல் கருவுறுதலை வைத்தார் என்று பல கட்டுரையில் வரும்; அது அவர் நூல் துண்டுகளிலிருந்து அறிஞர் ஊகித்தது. நான் மேலே சொன்ன 243ஆம் ஆண்டு நூலோ பிறப்பையே மார்ச்சில் வைக்கிறது. கணக்குப் போடுகிறவர் வேறு முடிவுக்கும் போனார் என்பதற்கு அதுவே சான்று.

தொனாத்தியர் விஷயம் மௌனத்தை வைத்துக் கட்டின வாதம். துணைக்கு வைக்கலாம், தூணாக வைக்க முடியாது.

மூன்றாவது, 25 என்ற நாள் அன்றைய மக்கள் கண்ணில் சூரிய நாளாகவும் இருந்தது. சீசரின் நாட்காட்டியில் குளிர்காலச் சூரியத் திரும்பல் மரபாக டிசம்பர் 25. நாலாம் நூற்றாண்டில் வானத்தில் அது அதற்கு மூன்று நாலு நாள் முன்னாலேயே நடந்துவிடும், ஆனால் வழக்கு வழக்குத்தான். நத்தார் மறையுரைகளில் கிறிஸ்துவைப் புதுச் சூரியன் என்று பாடுகிறார்கள், மலாக்கி 4:2இன் நீதியின் சூரியனை எடுக்கிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் பெரிய லியோ பாப்பரசர், பேதுரு பேராலயப் படிகளில் ஏறிய கிறிஸ்தவர்கள் உதிக்கும் சூரியன் பக்கம் திரும்பிக் கும்பிடுகிறார்கள் என்று நத்தார் உரையிலேயே கண்டிக்கிறார். சூரியனின் வாடை அந்த நாளில் இல்லை என்று சொன்னால் லியோவே நமக்கு எதிர்ச்சாட்சி.

அதேநேரம், "சூரிய விழாவுக்காக நாளை மாற்றினார்கள்" என்று வெளிப்படையாகச் சொல்லும் எழுத்து, 12ஆம் நூற்றாண்டுச் சிரிய ஆயர் தியோனீசியு பார் சலீபியின் நூல் ஓரத்தில் பெயர் தெரியாத ஒருவர் எழுதின குறிப்பு. நடந்த காலத்துக்கு எண்ணூறு ஆண்டு பிந்தியது.

என்னைக் கேட்டால் பேச்சில் இப்படி வையுங்க: கணக்கு வழி ஜனவரி 6ஐயும் சேர்த்து விளக்குகிறது, அதனால் அதன் பக்கம் பாரம் கொஞ்சம் கூட, சூரிய வழி அந்த நாள் ஏன் உரோமையில் அவ்வளவு வேகமாக ஊன்றிப் பரவியது என்பதை நன்றாக விளக்குகிறது. இரண்டும் 354ஆம் ஆண்டின் ஒரே ஏட்டை நம்பி நிற்கின்றன. அந்த ஏட்டில் எது முந்தினது, சூரிய வரியா பெத்லகேம் வரியா என்று தீர்க்க வழியில்லை.

வாவிக்கரை_கணக்கன்:

ஜனவரிக் கேள்விக்கு நான் வாறன். இங்கே எல்லோரும் செய்யும் குழப்பம் 6ஐயும் 7ஐயும் ஒன்றாக்குவது. பக்கத்துப் பக்கத்து நாள், ஆனால் காரணம் வெவ்வேறு.

ஜனவரி 6: இது நாட்காட்டி வித்தியாசம் இல்லை. கிழக்கில் முதலில் பிறப்பு, திருமுழுக்கு எல்லாம் ஒரே நாளில்தான். 380களில் எருசலேமுக்குப் போன எகேரியா என்ற பெண் யாத்திரிகர், ஜனவரி 6 விழாவை பெத்லகேம் வரை போய் எட்டு நாள் கொண்டாடுவதை எழுதி வைத்திருக்கிறார். பிறகு ஒவ்வொரு சபையாக டிசம்பர் 25ஐ ஏற்றன: கொன்ஸ்தாந்திநோபிள் 380 அளவில், அந்தியோக்கியா 386க்குச் சற்று முன், அலெக்சாந்திரியாவில் 432இல் அந்த நாளில் மறையுரை நடந்திருக்கு, எருசலேம் ஆறாம் நூற்றாண்டில். ஆர்மீனியர் மட்டும் ஏற்கவில்லை. அவர்களுக்கு இன்றும் ஜனவரி 6. எருசலேமில் உள்ள ஆர்மீனியர் பழைய நாட்காட்டியையும் சேர்த்து வைத்திருப்பதால் அங்கே ஜனவரி 19. மேற்கோ இரண்டு நாளையும் வைத்துக்கொண்டது. 567இல் தூர் சங்கம் இடைப்பட்ட 12 நாளையும் விழாக்காலமாகவே பேசுகிறது.

ஜனவரி 7: இது முழுக்க நாட்காட்டிதான். இரஷ்ய, சேர்பிய, ஜோர்ஜியச் சபைகளும் எகிப்தின் கொப்திக்குகளும் கொண்டாடுவது டிசம்பர் 25ஐத்தான், பழைய ஜூலியன் கணக்கில். ஜூலியன் ஆண்டு உண்மையான சூரிய ஆண்டைவிட 11 நிமிடம் நீளம், 128 ஆண்டில் ஒரு நாள் பிந்தும். 1582இல் பாப்பரசர் 13ஆம் கிரெகோரி ஒக்டோபர் 4க்கு மறுநாளை 15 ஆக்கினார். அன்று வித்தியாசம் 10 நாள். 1700, 1800, 1900இல் ஒவ்வொன்று கூடி இப்போது 13. 25ஓடு 13ஐக் கூட்டினால் ஜனவரி 7. கிரேக்க, ருமேனிய ஓதடொக்ஸ் சபைகள் டிசம்பர் 25லேயே கொண்டாடுவதால் "ஓதடொக்ஸ் எல்லோருக்கும் ஜனவரி 7" என்று சொல்லாதீங்க. உக்ரைன் 2023இல் அரச விடுமுறையை டிசம்பர் 25க்கு மாற்றியது.

சைவ ஆசிரியர்களுக்கு விளங்க வைக்கத் தைப்பொங்கலைக் காட்டுங்க. உத்தராயணம் தொடங்கும் நாள் என்று ஜனவரி 14 அல்லது 15இல் பொங்குகிறோம். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21–22இல். இடையில் 24 நாள் அளவு. அது ஜூலியன் பிழை இல்லை, நம் பஞ்சாங்கம் நட்சத்திரத்தை வைத்து ஆண்டை எண்ணுவதாலும் பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதாலும் வருவது, 72 ஆண்டுக்கு ஒரு நாள் அளவில். காரணம் வேறு, விளைவு ஒன்று: மரபு நாள் நிலைத்து நிற்க வானம் நகர்ந்துவிடும். வாக்கியமும் திருக்கணிதமும் பார்த்துச் சண்டைபோடுகிற ஊரில் இதை விளங்க வைப்பது சுலபம்.

மட்டக்களப்பில் பழைய கணக்கு நத்தார் இருந்ததா என்று யாராவது கேட்டால்: புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினது 1628இல், அவர்கள் 1582லேயே புதுக் கணக்குக்கு மாறினவர்கள். 1638இல் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தரின் ஒல்லாந்து மாகாணமும் 1582–83 திருப்பத்தில் மாறிவிட்டது. ஆங்கிலேயர் மாறினது 1752, இங்கே வந்தது 1796. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஆல்ட் வந்ததோ 1814. நாலு வழியாலும் வந்தது புதுக் கணக்குத்தான்.

கல்முனை_மேடை:

அருமை. காட்சிப் பலகைக்கும் குடிலுக்கும் யாராவது யோசனை சொல்லுங்க. குடிலில் மாடு, கழுதை, மூன்று ராஜாக்கள் வைப்பது சரியா என்றும் கேட்பார்கள்.

விளக்குத்தூண்:

பலகையில் எல்லோரும் விடும் பிழை, சம்பவங்களைச் சம இடைவெளியில் ஒட்டுவது. அப்போது முதல் இருநூறு ஆண்டின் வெறுமை மறைந்துவிடும், அதுதான் பார்க்க வேண்டிய விஷயமே. 8 அடியில் இரு பக்கமும் ஓரடி விட்டு, நடு 6 அடியில் நூறாண்டுக்கு ஓரடி என்று கோடு போடுங்க, கி.பி. 600 வரை வரும். கிளெமெந்து சரியாக 2ஆம் அடியில். 243க்கு 2 அடி 5 அங்குலம், 274க்கு 2 அடி 9, 336க்கு 3 அடி 4, 354க்கு 3 அடி 6½, 386க்கு 3 அடி 10, 432க்கு 4 அடி 4, 567க்கு 5 அடி 8. முதல் இரண்டு அடியில் ஒன்றும் ஒட்டாதீங்க, யாராவது இடத்தை வீணாக்காதே என்று சொன்னாலும் விடாதீங்க. 3க்கும் 4க்கும் இடையில் நெருக்கும், அட்டைகளைக் கோட்டுக்கு மேலும் கீழுமாக மாற்றி மாற்றி வைத்து நூலால் இழுங்க. பத்தடி தள்ளி வாசிக்கத் தலைப்பெழுத்து ஓரங்குலம் வேணும்.

அக்கா சொன்ன கணக்குக்கு ஒரு சுழல் வட்டம் செய்யலாம். பிரிஸ்டல் போட்டில் 2 அடி விட்டத்தில் ஆண்டு வட்டம், விளிம்பில் 12 மாதம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் 271 பாகை வில் ஒன்று வெட்டி நடுவில் ஊசியால் பொருத்துங்க. 275 நாளுக்கு அதுதான் பாகை. வில்லின் தொடக்கம் மார்ச் 25இல் இருந்தால் முடிவு டிசம்பர் 25. 12 பாகை, விளிம்பில் இரண்டரை அங்குலம், திருப்பினால் தொடக்கம் ஏப்ரல் 6, முடிவு ஜனவரி 6. மாதங்களைச் சமமாக 30 பாகையில் பிரித்தால் பொருந்தாது. ஒவ்வொரு மாதத்துக்கும் அதன் நாட்தொகையை 0.986ஆல் பெருக்கிப் பாகை எடுங்க.

இந்த மாதம் மழை ஈரத்தில் கிரேப் கடதாசியின் சாயம் இறங்கும், பிரிஸ்டல் போட் சுருளும். வாசலில் வைப்பதென்றால் லெமினேற் பண்ணி, ஓரத்தில் பசைக்குப் பதில் கிளிப் போடுங்க.

மறைக்கல்வி_அக்கா:

குடிலுக்கு: மாடும் கழுதையும் நற்செய்தியில் இல்லை. எசாயா 1:3இலிருந்து வந்தவை, நாலாம் நூற்றாண்டுக் கல்லறைப் பெட்டிச் சிற்பங்களிலேயே இருக்கின்றன. 1223இல் அசிசி பிரான்சிஸ்கு கிரேச்சோவில் தீவனத்தொட்டியும் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும் வைத்து நத்தார் இரவுத் திருப்பலி நடத்தினதால் குடில் பரவியது. அதனால் வையுங்க, எங்கிருந்து வந்தது என்று ஒரு சின்ன அட்டையும் வையுங்க.

ஞானிகள் மூவர் என்று மத்தேயு எண்ணவில்லை, ராஜாக்கள் என்றும் சொல்லவில்லை, காணிக்கை மூன்று. அவர்கள் வந்தது வீட்டுக்கு (2:11), லூக்காவின் தீவனத்தொட்டிக்கு இல்லை. ஒளிவிழா 25க்கு முன் என்றால் அவர்களைக் குடிலுக்குள் வைக்காமல் இரண்டடி தள்ளி, கிழக்குப் பக்கத்திலிருந்து வருகிறமாதிரி நிறுத்துங்க. பாலன் சொரூபத்தையும் 24 இரவு வரை வைக்க வேண்டாம் என்று பங்கில் சொல்வார்கள்; பாடசாலையில் அதை அதிபரோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்க, இல்லாவிட்டால் விழாவன்று காலியான தொட்டியைப் பார்த்து யாராவது ஒரு பொம்மையைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.

வாவிக்கரை_கணக்கன்:

ஒன்று விட்டுப்போச்சு. "ஜனவரி 7 மாறாத நாளா?" என்று கணித ஆசிரியர் கேட்டால்: 2100 கிரெகோரியக் கணக்கில் நெட்டாண்டு இல்லை, ஜூலியனில் நெட்டாண்டு. அந்த ஆண்டு மார்ச்சில் வித்தியாசம் 14 ஆகும். ஆகவே பழைய கணக்கை விடாத சபைகளுக்கு 2100இல் ஜனவரி 7தான், 2101இலிருந்து ஜனவரி 8.